முடிவை அல்ல, முடிவெடுத்த விதத்தைச் சொல்லுங்கள்: வாசகர் கேள்வி - பதில்

வாழ்ந்த வாழ்க்கைக்கு என்ன அர்த்தம், கற்றதை அடுத்த தலைமுறையிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பணி ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. காலையில் கண் விழித்ததுமே ‘இத்தனை வருஷம் என்னதான் செய்தேன்’ என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம். எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் ஒரு விஷயம். இந்த நினைப்பு வருவதால் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். வயதானவர்கள் பழையதையே அசைபோடுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-ல் அதை மறுத்தார். அது மனம் இயல்பாகச் செய்கிற கணக்கு முடிக்கும் வேலை என்றார். கணக்கு என்றால் நோட்டு வேண்டும். மனக்கணக்காகவே போட்டுக்கொண்டிருந்தால் அதே நாலு வரவும் செலவும்தான் சுற்றிச் சுற்றி வரும்.

ஒரு பெரிய தாளைக் குறுக்குவாட்டில் வைத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஐந்தைந்து வயதாகப் பிரியுங்கள். அறுபது வயதுக்குப் பன்னிரண்டு கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் எடுத்த ஒரு முடிவை மட்டும் எழுதுங்கள். இங்கேதான் பலர் வழுக்கிவிடுகிறார்கள். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, வீடு கட்டியது என்று எழுதிவிட்டு, ‘எல்லார் வாழ்க்கையும் போலத்தானே இருக்கிறது’ என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அவை நிகழ்ச்சிகள். நமக்கு வேண்டியது வேறு மாதிரியும் செய்திருக்கலாம், ஆனால் இப்படிச் செய்தேன் என்று சொல்லக்கூடிய இடம்.

பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான கட்டங்கள் சட்டென்று நிரம்பும். அந்த வயது நினைவுகள்தான் எல்லாருக்கும் அதிகம் தங்குகின்றன என்று நினைவாற்றல் ஆய்வுகள் சொல்கின்றன. நாற்பதுக்கு மேலே தாள் காலியாக இருந்தால் அந்தக் காலத்தில் ஒன்றுமே செய்யவில்லை என்று அர்த்தமில்லை. பழைய டைரி, பாஸ்புக், போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். கூட வேலை பார்த்த ஒருவரிடம் பேசிப் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு முடிவுக்கும் கீழே மூன்று வரி. அன்று எனக்கு என்ன தெரிந்திருந்தது? வேறு என்ன வழி இருந்தது? எதை இழக்கத் துணிந்தேன்? மூன்றாவது வரிதான் உயிர். ஒருவர் ஒரு கட்டத்தில் பதவி உயர்வை விட்டிருப்பார், இன்னொன்றில் சேமிப்பைக் கொடுத்திருப்பார், மற்றொன்றில் நண்பரின் கோபத்தைச் சம்பாதித்திருப்பார். மூன்றும் யாரோ ஒருவரைப் பாதியில் கைவிட மனமில்லாததால் நடந்தவையாக இருக்கும். ஒரே காரணம் நாலைந்து கட்டங்களில் தலைகாட்டினால், நீங்கள் எதற்காக வாழ்ந்தீர்கள் என்பதற்கு அதுதான் பதில். மற்றவர்களிடம் கொடுக்க வேண்டியதும் அதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாழ்க்கையில் அர்த்தம் மூன்று வழிகளில் வருகிறது என்றார் வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கிள். நாம் செய்து கொடுத்தது ஒன்று. அன்பாலும் அனுபவத்தாலும் நாம் பெற்றது இரண்டாவது. மாற்ற முடியாத துன்பத்தின் முன்னால் நாம் நின்ற விதம் மூன்றாவது. ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். மற்ற இரண்டு பக்கங்களையும் திருப்புங்கள்.

கடிகாரம் வைத்து இருபது நிமிடம் எழுதினால் போதும். ஒரே வருத்தத்தை மூன்று நாளாக அதே வார்த்தைகளில் எழுதிக்கொண்டிருந்தால் அது கணக்குப் பார்ப்பது அல்ல, காயத்தைக் கீறுவது. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டுப்போனால் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்த வேலையை நோட்டு செய்யாது.

கேள்வி: பேரனுக்குப் பதினேழு வயது. நான் வாயைத் திறந்தாலே போனைக் கையில் எடுத்துவிடுகிறான். நல்லதைத்தானே சொல்கிறேன்?

பதில்: நல்லதுதான். ஆனால் சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு என்று நம் முன்னோர் கேட்டது சும்மா இல்லை. ஒரு பேச்சைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

பேரன்: “தாத்தா, இந்தப் படிப்பை விட்டுடலாம்னு தோணுது.”

“எடுத்ததை முடிக்கணும்பா. பாதியில விட்டவன் எதுலயும் நிலைக்க மாட்டான்.” பேச்சு முடிந்தது. போன் கைக்கு வந்துவிடும்.

இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “உன் வயசுல நானும் ஒண்ணைப் பாதியில விட்டேன். விடுறதுக்கு முன்னாடி மூணு மாசம் தூக்கம் இல்ல. ஏன் விட்டேன்னு கேக்கணும்னா சொல்றேன்.”

முதல் பதிலில் இருப்பது தீர்ப்பு. அது எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்று அவனுக்குத் தெரியாது. தன் நிலைமைக்குப் பொருந்துமா என்று அவனால் உரசிப் பார்க்கவும் முடியாது. ஏற்றுக்கொள்ளலாம், இல்லை தள்ளிவிடலாம். அந்த வயதில் தள்ளிவிடுவதுதான் இயல்பு. இரண்டாவதில் அவன் எடுத்துப் பயன்படுத்தச் சரக்கு இருக்கிறது. ‘கேட்டால் சொல்கிறேன்’ என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறீர்கள். உள்ளே வருவதும் வராததும் அவன் விருப்பம்.

அவன் கேட்டால் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சொல்லுங்கள். அன்று உங்களுக்கு என்னவெல்லாம் தெரியாமல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவெடுத்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். ‘அதனால நீயும்...’ என்று ஆரம்பித்தால் சொன்ன கதை முழுக்க வெறும் முன்னுரையாகிவிடும். அடுத்த தடவை நீங்கள் கதை ஆரம்பிக்கும்போதே ‘புத்திமதி வருது’ என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

முகத்துக்கு நேராக உட்காரவைத்துப் பேசாதீர்கள். பக்கத்தில் நடந்தபடியோ, சேர்ந்து ஒரு வேலை செய்தபடியோ பேசினால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சங்கடம் குறையும். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு வாரம் அவனிடம் நீங்கள் பேசுவதைக் கவனித்து எண்ணுங்கள். கட்டளையும் அறிவுரையும் எத்தனை? உங்களுக்கே பதில் தெரியாத உண்மையான கேள்விகள் எத்தனை? இரண்டாவது எண் பூஜ்யமாக இருந்தால் சிக்கல் போனில் இல்லை.

கேள்வி: 38 வருடமாக லேத் எந்திரத்தில் உலோகம் கடையும் வேலை. அடுத்த வருடம் பட்டறையை என்னிடம் வேலை கற்ற தம்பியிடம் ஒப்படைக்கப் போகிறேன். ‘எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க’ என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. ‘கை பழகினா வந்துடும்’ என்றுதான் வாயில் வருகிறது.

பதில்: கை அறிந்ததை வாய் முழுதாகச் சொல்லிவிட முடியாது என்பதை மைக்கேல் போலன்யி போன்ற அறிஞர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்காக எல்லாமே சொல்ல முடியாதது என்று விட்டுவிடவும் கூடாது. ‘லேத் வேலை செய்வது எப்படி’ என்று பொதுவாக யோசித்தால் ஒன்றும் வராது. கெட்டுப்போன, அல்லது கெட இருந்து தப்பித்த பத்து ஜாப்களை, அதாவது கடையக் கொடுத்த துண்டுகளை, நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும்.

முதலில் நடந்ததை ஐந்து நிமிடம் சொல்லுங்கள். தம்பி குறுக்கே பேசக் கூடாது. அடுத்து, நீங்கள் கை வைத்த, நிறுத்திய, மாற்றிய இடங்களை அவர் ஒரு தாளில் வரிசையாகக் குறிக்கட்டும். பிறகு ஒவ்வொரு இடத்திலும் அவர் கேட்க வேண்டியவை: என்ன பார்த்தீங்க? என்ன சத்தம் கேட்டது? அடுத்து என்ன ஆகும்னு நினைச்சீங்க? வேற எதைச் செய்யலாம்னு யோசிச்சு விட்டீங்க? புதுசா வந்த ஒருத்தன் இங்க என்ன செஞ்சிருப்பான்? தீயணைப்புத் தலைவர்கள் சில நொடிகளில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அறிய, கேரி க்ளைன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1980-களில் கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்டார்கள். கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். அனுபவசாலி தனக்குத் தெரிந்ததென்றே உணராத விஷயங்கள் அந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும்.

காரணம் இல்லாத விதி எங்கே காலை வாரும் என்பதற்கு உங்கள் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. எஃகைக் கடையும்போது உதிரும் உலோகச் சுருள் நீலமாக வந்தால் வேகத்தைக் குறை என்று சொல்லி வைத்திருப்பீர்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு அது சரி. அந்தச் சூட்டில் டூலின் முனை கடினத்தை இழக்கத் தொடங்கும். அதைவிட அதிகச் சூடு தாங்கும் கார்பைடு டூல் போட்டால் அதே நீலம் பல நேரம் சாதாரணம்தான். விதியை மட்டும் வாங்கிக்கொண்டவர் அங்கேயும் வேகத்தைக் குறைத்துவிட்டு நேரத்தை வீணாக்குவார். ‘டூல் முனை எவ்வளவு சூடு தாங்கும்’ என்று காரணத்தையும் வாங்கிக்கொண்டவர், நாளைக்கு நீங்கள் பார்த்தே இராத டூல் வந்தாலும் தானே யோசிப்பார். அதிர்வு வந்து ஜாப்பில் அலை அலையாகத் தடம் விழும்போதும் இதே கதைதான். நீங்கள் வேகத்தைக் குறைப்பதைத் தம்பி பார்க்கிறார். டூல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு முன் உங்கள் கண் ஒரு நொடி போய் வந்ததை அவர் பார்க்கவில்லை.

ஒப்படைப்பதை நாலு படியாக வையுங்கள். நான் செய்கிறேன், நீ பார். நான் செய்கிறேன், அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று நீ சொல். நீ செய், நான் பார்க்கிறேன். நீ செய், நான் இங்கே இல்லை. முதல் படியிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவிவிடுவதுதான் பெரும்பாலான பட்டறைகளில் நடக்கிறது. இரண்டாவது படியில்தான் அவருடைய கணிப்பு எங்கே பிசகுகிறது என்று உங்களுக்குத் தெரியும், அதுவும் பொருள் வீணாகாமல். மூன்றாவது படியில் கழிவுத் துண்டைக் கொடுங்கள், கெடுக்க விடுங்கள். கைக்கோ கண்ணுக்கோ ஆபத்து என்றால் மட்டும் நிறுத்துங்கள். நாலாவது படி அவரைவிட உங்களுக்குத்தான் கஷ்டம். ஒப்படைக்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே அதைத் தொடங்கிவிடுங்கள். அப்போதுதான் அவர் கேள்வியோடு திரும்பி வரும்போது பதில் சொல்ல நீங்கள் இருப்பீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. அவர் பேசுவதைப் பதிவுசெய்து வைக்க ஆசை. போன் போதுமா? என்ன கேட்பது?

பதில்: போன் தாராளமாகப் போதும். ஃபேனை நிறுத்துங்கள். ஃபிளைட் மோடில் போடுங்கள். மடித்த துணியின் மேல், அம்மாவிடமிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் விரல் தட்டுவதெல்லாம் இடியாகப் பதியும். ஒரு நிமிடம் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு அமர்வு 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சுருக்காத மோனோ ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி பிடிக்கும். 128 கேபிபிஎஸ் அளவில் சுருக்கினால் 60 எம்பிக்குள் அடங்கும், பேச்சுக்கு அதுவே நன்றாக இருக்கும்.

‘உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்கம்மா’ என்று கேட்டால் ‘என்னத்தைச் சொல்ல’ என்றுதான் பதில் வரும். சின்ன இடத்தைக் கேளுங்கள். ‘நீங்க முதன்முதலா உங்க கையால சம்பாதிச்ச காசை என்ன செஞ்சீங்க?’ ‘வேண்டாம்னு சொல்ல நினைச்சு, சரின்னு சொன்னது எது?’ ஒரு அமர்வுக்கு நாலு கேள்வி போதும். அதை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். ‘அந்த வருஷம் இல்லம்மா, அதுக்கு அடுத்த வருஷம்’ என்று திருத்தவே கூடாது. தேதியைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம், அறுந்த பேச்சை ஒட்ட முடியாது. மறதி அதிகம் இருந்தால் கேள்விக்குப் பதிலாக ஒரு போட்டோவையோ, அவர் புழங்கிய பொருளையோ கையில் கொடுங்கள்.

பதிந்ததை எழுத்தாக்கி அவருக்கே படித்துக் காட்டுவது மிக முக்கியம். கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சொச்சினாவ், வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளுக்காக உருவாக்கி 2005-ல் வெளியிட்ட சிகிச்சை முறையிலும் இந்தப் படி உண்டு. பேசியதைப் பதிந்து, எழுதி, ஒழுங்குபடுத்தி, அவர்களிடமே படித்துக் காட்டித் திருத்தம் வாங்கிய பிறகுதான் அவர்கள் கைகாட்டும் ஆளிடம் ஒப்படைப்பார்கள். அம்மா ‘இதை எடுத்துடு’ என்றால் எடுத்துவிடுங்கள். கையால் எழுத்தாக்க, ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். கோப்புக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஒருவர் வீட்டில். போன் தொலைந்ததோடு குரலும் தொலைந்த வீடுகள் ஏராளம்.

கேள்வி: எனக்குப் பிள்ளைகள் இல்லை. என்னோடு எல்லாம் முடிந்துவிடும்தானே?

பதில்: இல்லை. நடு வயதின் முக்கியமான வேலை அடுத்த தலைமுறையை வளர்த்துவிடுவது என்று 1950-ல் எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்சன், பெற்ற பிள்ளையை வளர்ப்பதோடு அதை நிறுத்திவிடவில்லை. கற்றுக்கொடுப்பது, உருவாக்குவது, ஒன்றைக் காத்துக் கைமாற்றுவது எல்லாமே அதில் அடங்கும். உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை இப்போது கற்றுக்கொண்டிருக்கும் ஒரே ஒருவரைத் தேடுங்கள். பத்துப் பேர் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், ஆறு மாதம் என்று காலவரையோடு பேசிக்கொள்ளுங்கள். எல்லை வைக்காத ஏற்பாடுகள்தான் இரண்டாவது மாதத்தில் யாரும் எதுவும் சொல்லாமல் நின்றுபோகின்றன. ஒவ்வொரு முறையும் பேச வேண்டியதை அவர் கொண்டுவரட்டும். நீங்கள் பாடம் தயாரித்துக்கொண்டு போனால் அது வகுப்பாகிவிடும். பெற்றவர்களிடம் கேட்கத் தயங்குவதை வெளியாளிடம் கேட்கிற பிள்ளைகள் நிறைய உண்டு. அந்த இடத்தில் உங்களைப் போன்றவர்கள் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாங்கள் மனதாரச் சொல்கிறோம்.

கேள்வி: தொழிலில் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தேன். பிள்ளைகளுக்கு அது தெரியாது. சொல்லலாமா? எழுதி வைப்பது நல்லதா?

பதில்: சொல்லலாம். குடும்பக் கதையைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்ற மாதிரியான கேள்விகள். அதிகம் பதில் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. அதற்காகப் பட்டியலை மனப்பாடம் செய்யவைத்துப் பயனில்லை. பதில் தெரிகிறது என்றால் அந்த வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்று பொருள். ஏற்றத்தை மட்டும் சொல்லும் குடும்பக் கதையைவிட, ஏறியதையும் இறங்கியதையும் சேர்த்துச் சொல்லும் கதைதான் பிள்ளைகளுக்குத் தெம்பு தரும் என்றும் டியூக் சொன்னார்.

ஆனால் சொல்வதற்கு முன் உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பேசும்போது இன்னும் யார்மேலாவது கோபம் கொப்பளித்தால் அது ஆறவில்லை. பிள்ளைகளை ஆறுதல் சொல்லும் இடத்தில் உட்காரவைத்துவிடுவீர்கள். முதலில் வயதொத்த ஒருவரிடம் பேசுங்கள். கூட்டாளியின் ரகசியம், மனைவியின் மனவருத்தம் எல்லாம் அவரவருக்குச் சொந்தம். அவர்கள் சம்மதமில்லாமல் வெளியே எடுக்காதீர்கள்.

எழுதினால் இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். நடந்தது, நான் கவனிக்காமல் விட்ட அறிகுறி, மீண்டு வர யார் என்ன உதவி செய்தார்கள், இன்று அதே நிலைமை வந்தால் என்ன செய்வேன், இன்னமும் எனக்கு விளங்காதது எது. இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள், அதுதான் பிள்ளைகளைப் பேச்சுக்கு இழுக்கும். ‘நீங்கள் ஒருபோதும் தொழில் தொடங்கக் கூடாது’ என்ற மாதிரி எதையும் எழுதாதீர்கள். எழுதியவர் இல்லாத காலத்தில் அந்த வரியோடு வாதாட முடியாது. மீறினால் குற்ற உணர்ச்சி, மீறாவிட்டால் மனக்குறை. சொத்து விவரம் இதில் கலக்கக் கூடாது, அதற்கு உயில் தனியாக இருக்கட்டும். கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. அப்பா பேசவே மாட்டார். அவரிடமிருந்து எதையாவது தெரிந்துகொள்ள ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

பதில்: ‘வாழ்க்கையைப் பத்தி என்ன நினைக்கறீங்கப்பா’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பேசாதவர்களுக்கு அந்தக் கேள்வி சுவர். அவர் கைதேர்ந்த ஒரு வேலையில் உதவி கேட்டுப் போங்கள். பழுது பார்ப்பதோ, கணக்கு எழுதுவதோ, செடி வெட்டுவதோ, எதுவாக இருந்தாலும் சரி. நடிப்புக்குக் கேட்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாததைக் கேளுங்கள். வேலை நடக்கும்போது ‘ஏன் இதை முதல்ல செய்யறீங்க?’ என்று ஒன்று கேளுங்கள். வேலையைப் பற்றிய கேள்விக்குப் பேசாதவரும் பதில் சொல்வார். நாலைந்து முறை ஆன பிறகு, ‘இதை உங்களுக்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தாங்க?’ என்று கேளுங்கள். பதில் ஒரே ஒரு பெயராக இருந்தாலும் போதும். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கள்.